வால்நட், வேல்ஸ், வலாக்கியா: ஒரே சொல்லின் கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மளிகைக் கடையில் முந்திரி, பாதாம், பிஸ்தாவுக்குப் பக்கத்தில் வால்நட் பாக்கெட் தொங்கும். 'அக்ரூட்' என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். அந்த 'வால்' சுவரும் இல்லை, நம்ம ஊர் வாலும் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் வயதான ஒரு இனப்பெயர். அதே சொல்தான் வேல்ஸ் நாட்டின் பெயரில் இருக்கிறது, ருமேனியாவின் வலாக்கியாவில் இருக்கிறது, பெல்ஜியத்தின் வலோனியாவில் இருக்கிறது. போலந்துக்காரர்கள் இத்தாலியைச் சொல்லும் பெயரும் அதுதான். எனக்கு மிகவும் பிடித்த சொற்களில் இது ஒன்று. யாரிடம் பேச்செடுத்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் பதிலோடு எழுதி வைக்கிறேன்.

அந்த மூலச் சொல் எது?

ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, சுவீடிஷ் முதலிய மொழிகளுக்கெல்லாம் தாய் என்று சொல்லப்படும் மூல ஜெர்மானிய மொழியில் அது 'வல்ஹஸ்'. அந்த மொழியில் எழுதிய நூல் எதுவும் கிடையாது. பிள்ளை மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்த வடிவம் இது. பழைய ஆங்கிலத்தில் இது 'வெயல்ஹ்' ஆனது. ஜெர்மனில் 'வெல்ஷ்' என்ற பெயரடை இதிலிருந்து வந்தது. போலிஷ், செக், ரஷ்யன் முதலிய ஸ்லாவிய மொழிகள் கடன் வாங்கி 'வ்லாஹ்' என்றும் 'வோலோஹ்' என்றும் ஆக்கிக்கொண்டன.

ஜெர்மானியர்களுக்கு அந்தச் சொல் எங்கிருந்து கிடைத்தது?

பக்கத்து வீட்டுக்காரர்களிடமிருந்து. அன்று மேற்கு, நடு ஐரோப்பாவில் பரவியிருந்த கெல்ட்டிய இனக்குழுக்களில் 'வோல்கே' என்று ஒன்று இருந்தது. அவர்களில் ஒரு பிரிவினர் இன்றைய தெற்கு பிரான்சில், துலூஸ், நீம் நகரங்களின் பக்கம் வாழ்ந்தார்கள். இன்னொரு பிரிவினர் ஜெர்மனியின் காடுகளை ஒட்டிய செழிப்பான நிலங்களில் குடியிருந்ததாக ஜூலியஸ் சீசர் கி.மு. 1ஆம் நூற்றாண்டில் எழுதுகிறார். நீதியிலும் போரிலும் அவர்களுக்குப் பெரிய பெயர் இருந்தது என்றும் சொல்கிறார்.

'வோல்க்' எப்படி 'வல்ஹ்' ஆகும் என்றால், அதற்கு ஒழுங்கான விதி இருக்கிறது. லத்தீன் போன்ற மொழிகளில் 'க' வரும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் 'ஹ' வரும். லத்தீனில் கொம்புக்கு 'கோர்னு', ஆங்கிலத்தில் 'ஹார்ன்'. லத்தீனில் நூறு 'கென்டும்', ஆங்கிலத்தில் 'ஹன்ட்ரட்'. அதேபோல 'ஒ' இருந்த இடத்தில் 'அ' வரும்: லத்தீனில் எட்டு 'ஒக்டோ', ஜெர்மனில் 'ஆஹ்ட்'. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், வோல்க் தானாகவே வல்ஹ் ஆகிவிடும். இந்த ஒலி மாற்றம் நடப்பதற்கு முன்பே பெயர் ஜெர்மானியர் வாய்க்குப் போய்விட்டது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கும் விளக்கம் இதுதான்.

அப்புறம் வழக்கமான கதை. எல்லையில் இருக்கும் ஒரு குழுவின் பெயரே, அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேருக்கும் பெயராகிவிட்டது. நமக்கு இது புதிதல்ல. மலையைத் தாண்டினால் பாண்டிய நாடு என்பதால், தஞ்சாவூர்க்காரரானாலும் சேலத்துக்காரரானாலும் கேரளத்தில் நாம் எல்லோரும் 'பாண்டி'தான்.

'அந்நியன்' என்பதுதானே அதன் பொருள்?

அகராதிகள் சுருக்கமாக அப்படித்தான் சொல்கின்றன. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஜெர்மானியர்களுக்குக் கிழக்கே ஸ்லாவியர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு 'வெண்டு' என்ற வேறு பெயர் வைத்தார்கள். வடக்கே இருந்தவர்கள் 'ஃபின்' ஆனார்கள். இவர்களும் அந்நியர்தானே? ஆனாலும் இவர்களை யாரும் வல்ஹ் என்று சொல்லவில்லை. அந்தப் பெயர் முதலில் கெல்ட்டிய மொழி பேசியவர்களுக்கு, பிறகு லத்தீன் பேசியவர்களுக்கு மட்டும்தான்.

இந்த 'பிறகு' என்பதில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது. இன்றைய பிரான்சில் இருந்த கெல்ட்டியர்களைச் சீசர் வென்றார். அடுத்தடுத்த தலைமுறைகளில் அவர்கள் தங்கள் மொழியை விட்டு லத்தீனுக்கு மாறினார்கள். ஆள் அதே ஆள், ஊர் அதே ஊர், பேசுகிற மொழி மட்டும் வேறு. ஜெர்மானியர்கள் பழைய பெயராலேயே கூப்பிட்டார்கள். அதனால் ஐரோப்பியப் பெருநிலத்தில் அந்தச் சொல்லுக்கு 'லத்தீன்காரர்' என்று பொருள் வந்துவிட்டது. பழைய ஆங்கிலக் கவிதை ஒன்று சீசரின் ஆட்சிப்பரப்பையே 'வாலர்களின் அரசு' என்று சொல்கிறது. பிரிட்டன் தீவிலோ கெல்ட்டிய மொழி உயிரோடு இருந்ததால், அங்கே சொல்லின் பழைய பொருளும் நிலைத்தது.

வேல்ஸ் மக்கள் தங்கள் நாட்டை எப்படிச் சொல்கிறார்கள்?

'கம்ரி'. ஒரே நாட்டைச் சேர்ந்தவர்கள், கூட இருப்பவர்கள் என்று பொருள். இந்தப் பெயருக்குப் பக்கத்தில் 'வேல்ஸ்' என்ற பெயரை வைத்துப் பாருங்கள். அது 'வெயல்ஹ்' என்பதன் பன்மையிலிருந்து வந்தது. சொந்த மண்ணில் பல நூறு ஆண்டுகளாக வாழ்ந்தவர்களுக்கு, கடல் தாண்டி வந்து குடியேறிய ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் அது. உள்ளே இருப்பவர்கள் 'நாமெல்லாம் ஒன்று' என்கிறார்கள், வெளியே இருப்பவர்கள் 'அந்த ஆட்கள்' என்கிறார்கள். உலக வரைபடத்தில் ஏறியது வெளியாள் வைத்த பெயர்.

வெறும் பெயரோடு அது நிற்கவில்லை. 688 முதல் 726 வரை தெற்கு இங்கிலாந்தின் வெஸ்ஸெக்ஸ் நாட்டை ஆண்ட ஈனி என்ற அரசரின் சட்டத் தொகுப்பு இன்றும் கிடைக்கிறது. ஒருவரைக் கொன்றால் அவர் குடும்பத்துக்கு எவ்வளவு ஈட்டுத்தொகை தர வேண்டும் என்று அதில் கணக்கு இருக்கிறது. சாதாரணச் சுதந்திர ஆங்கிலேயக் குடியானவரின் உயிருக்கு 200 ஷில்லிங். சொந்தமாக ஒரு 'ஹைடு' நிலம், அதாவது ஒரு குடும்பம் பிழைக்கும் அளவு நிலம், வைத்திருந்த வெயல்ஹுக்கு 120 ஷில்லிங். நிலம் குறையக் குறைய விலையும் குறைந்தது. பழைய ஆங்கிலத்தில் போகப்போக இந்தச் சொல்லுக்கு 'அடிமை' என்ற பொருளே வந்துவிட்டது. ஒரு இனத்தின் பெயர் எப்படி அடிமையின் பெயராகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டியதில்லை. இதே விபத்து ஐரோப்பாவில் இன்னொரு முறையும் நடந்தது. 'ஸ்லாவ்' என்ற இனப்பெயரிலிருந்துதான் ஆங்கிலத்தின் 'ஸ்லேவ்' வந்தது.

நம் பாடப்புத்தகத்தில் வரும் காரன்வாலிஸ் பிரபுவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நேரடியான தொடர்பு. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி கார்ன்வால். அங்கேயும் கெல்ட்டிய மொழி பேசினார்கள். அவர்கள் தங்கள் நாட்டைச் சொன்ன பெயர் 'கெர்னோ'. அதன் முற்பகுதியை எடுத்து, தங்கள் 'வால்' சொல்லையும் ஒட்டி ஆங்கிலேயர்கள் கார்ன்வால் ஆக்கினார்கள். 'காரன்வாலிஸ்' என்ற குடும்பப் பெயருக்குக் கார்ன்வால்காரர் என்று பொருள்.

சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனால் அவருடைய பளிங்குச் சிலையைப் பார்க்கலாம். தாமஸ் பேங்க்ஸ் என்ற சிற்பி செதுக்கியது. மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், பீடத்தையும் பாருங்கள். 1792இல் திப்பு சுல்தானின் இரண்டு மகன்கள் பிணைக்கைதிகளாக ஒப்படைக்கப்படும் காட்சி அங்கே புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. தோற்ற இனத்தைக் குறித்த சொல் ஒன்று, ஆயிரம் ஆண்டு கழித்து, நம் மண்ணில் வென்றவரின் பெயருக்குள் வந்து நிற்கிறது. அந்தப் பீடத்தின் முன் நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சரி, வால்நட்?

வடக்கு ஐரோப்பாவின் காடுகளில் தானாக விளைந்த கொட்டை 'ஹேசல்நட்'. கோலிக்குண்டு அளவில் வழவழவென்று இருக்கும். அப்புறம் தெற்கிலிருந்து வேறொரு கொட்டை வந்தது. எலுமிச்சைக்குச் சற்றுச் சிறியது, மேலெல்லாம் சுருக்கம், நடுவே ஒரு தையல் கோடு, உடைத்தால் இரண்டு கிண்ணம். ரோமானியர்களும், காலியா என்ற இன்றைய பிரான்சில் வாழ்ந்தவர்களும் வளர்த்த கொட்டை அது. லத்தீனில் 'காலியா நாட்டுக் கொட்டை' என்றே ஒரு பெயர் இருந்தது. ஜெர்மானியர்கள் தங்கள் வழக்கில் 'வல்ஹ் கொட்டை' என்றார்கள். ஆங்கிலத்தில் வால்நட், ஜெர்மனில் வால்நுஸ், டச்சில் வால்நோட்.

ஸ்லாவியர்களும் இதே வழியில் போனார்கள். போலிஷ் மொழியில் அது 'இத்தாலியக் கொட்டை', செக் மொழியிலும் அப்படியே, உக்ரைனிய மொழியில் 'வலாக்கியக் கொட்டை'. எல்லாவற்றிலும் இருப்பது அதே மூலச் சொல். ரஷ்யர்கள் மட்டும் 'கிரேக்கக் கொட்டை' என்கிறார்கள். இத்தாலியர்களுக்கோ அது வெறும் 'நோச்சே', அதாவது கொட்டை. வீட்டில் விளைவதற்கு ஊர்ப் பெயர் எதற்கு? மிளகாய் வந்த பிறகு நம் சமையலறையில் மிளகு 'நல்ல மிளகு' ஆனது நினைவுக்கு வருகிறது.

ஜெர்மன் மொழியில் இந்தச் சொல் இன்னும் புழங்குகிறதா?

ஜெர்மனியில் 'வெல்ஷ்' பழைய சொல்லாகிவிட்டது. முன்பு இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் அதில் அடங்குவார்கள். புதிதாக வந்த பொருள்களுக்கும் அதையே ஒட்டினார்கள். மக்காச்சோளம் 'வெல்ஷ் தானியம்', வான்கோழி 'வெல்ஷ் சேவல்'. இரண்டும் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்றாலும், வெளியிலிருந்து வந்தால் வெல்ஷ்தான்.

சுவிட்சர்லாந்தில் கதை வேறு. அங்கே ஜெர்மன் பேசுகிறவர்கள் பிரெஞ்சு பேசும் பகுதியை இன்றும் 'வெல்ஷ்லாண்ட்' என்பார்கள். பள்ளி முடித்த பெண்கள் அந்தப் பக்கம் ஒரு வீட்டில் ஓராண்டு தங்கி, வீட்டு வேலையில் உதவிக்கொண்டே பிரெஞ்சு கற்றுவருவது நீண்டகால வழக்கம். அதற்குப் பெயரே 'வெல்ஷ்லாண்ட் ஆண்டு'.

'கவுடர்வெல்ஷ்' என்றும் ஒரு சொல் உண்டு. ஒன்றும் புரியாத பேச்சு என்று பொருள். சுவிட்சர்லாந்தின் கிழக்கே 'கூர்' என்ற நகரத்தில் லத்தீன் வழிவந்த ரொமான்ஷ் மொழி பேசினார்கள். 'கூர் ஊர் வெல்ஷ்' என்பதுதான் இப்படித் திரிந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அந்த நகரத்தில் இன்று பெரும்பாலும் ஜெர்மன்தான் கேட்கும். மொழி ஊரைவிட்டுப் போய்விட்டது, கேலி மட்டும் அகராதியில் தங்கிவிட்டது.

போலந்துக்காரர்கள் ஏன் இத்தாலியை 'இத்தாலி' என்று சொல்வதில்லை?

ஸ்லாவியர்கள் இந்தச் சொல்லை ஜெர்மானியர்களிடமிருந்து வாங்கியபோது, அதற்கு லத்தீன் வழி மொழி பேசுகிறவர் என்ற பொருள் வந்திருந்தது. வாங்கிய பிறகு ஒவ்வொரு கிளையும் தன் ஒலிப்பழக்கப்படி திருத்திக்கொண்டது. செக், தெற்கு ஸ்லாவிய மொழிகளில் 'வ்லா', போலிஷில் 'வ்லோ', ரஷ்யன், உக்ரைனிய மொழிகளில் 'வோலோ'. நகரம் என்ற சொல்லிலும் இதே மூன்று வடிவம்தான்: 'பெல்கிரேட்' பெயரில் வரும் 'கிராட்', போலிஷின் 'க்ரூட்', 'நோவ்கோரோட்' பெயரில் வரும் 'கோரோட்'.

போலந்துக்காரர்கள் அதிகம் கண்ட லத்தீன்காரர்கள் இத்தாலியர்கள். அதனால் இத்தாலி 'வ்வோஹி' ஆனது. வார்சாவில் காய்கறிக் கடைக்குப் போனால் இந்தச் சொல்லைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். கேரட், பார்ஸ்லி வேர், செலரிக் கிழங்கு, லீக், கொஞ்சம் முட்டைக்கோஸ் எல்லாம் சேர்த்துக் கட்டிய சூப் கட்டு விற்கும். நம் கடைகளில் சாம்பாருக்கென்று காய் நறுக்கி பாக்கெட் போடுவதுபோல. அதன் பெயர் 'வ்வோஷ்சிஸ்னா', 'இத்தாலியச் சமாச்சாரம்'. 1518இல் போலந்து அரசர் முதலாம் சிகிஸ்மண்டை மணந்து இத்தாலியிலிருந்து வந்த போனா ஸ்ஃபோர்சா அரசிதான் இந்தக் காய்களைக் கொண்டுவந்தார் என்று மக்கள் சொல்வார்கள். எல்லாமே அவர் கொண்டுவந்ததாக இருக்க முடியாது. ஆனால் தக்காளிக்கும் காலிஃபிளவருக்கும் போலிஷில் உள்ள பெயர்கள் இத்தாலியச் சொற்களே.

ருமேனியாவுக்கு இந்தப் பெயர் எப்படிப் போனது?

ரோமப் பேரரசு தேய்ந்த பிறகும் பால்கன் மலைகளில் லத்தீன் வழி மொழி பேசியவர்கள் இருந்தார்கள். சுற்றிலும் ஸ்லாவியர்கள். அவர்கள் வாயில் இவர்கள் 'வ்லாஹ்'. அதைக் கேட்டு கிரேக்கர்களும் 'வ்லாஹோஸ்' என்றார்கள். 976இல் கஸ்தோரியாவுக்கும் பிரெஸ்பாவுக்கும் இடையே பல்கேரிய அரச குடும்பத்தைச் சேர்ந்த தாவீது என்பவரை 'வழிப்போக்கு வ்லாஹுகள்' கொன்றதாக பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமப் பேரரசின், வரலாற்றுக் குறிப்பு ஒன்று சொல்கிறது.

இவர்களில் பலர் ஆடு மேய்த்தவர்கள். கோடையில் மலை, குளிர்காலத்தில் சமவெளி. இங்கேதான் சொல் இன்னொரு திருப்பம் எடுக்கிறது: இனத்தின் பெயர் தொழிலின் பெயராகிறது. கிரேக்கத்தில் 'வ்லாஹோஸ்' என்றால் இடையர், நாட்டுப்புறத்தார் என்றும் பொருள். கார்பாத்திய மலைத்தொடர் வழியே மேய்ச்சலும் மேய்ப்பர்களும் தலைமுறை தலைமுறையாக மேற்கே நகர்ந்து, இன்றைய செக் நாட்டின் கிழக்கு ஓரம்வரை வந்தார்கள். அந்தப் பகுதிக்குப் பெயர் 'வலாஷ்ஸ்கோ'. அங்கே இன்று பேசுவது செக் மொழிதான். ஆனாலும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியை அந்த மலைப்பக்கம் 'ப்ரின்ட்ஸா' என்கிறார்கள். அது ருமேனியச் சொல். அந்த மரவீடுகளையும் மந்தை வாழ்க்கையையும் காப்பாற்ற 1925இல் ரோஷ்னோவ் ஊரில் திறந்தவெளி அருங்காட்சியகம் ஒன்று தொடங்கினார்கள். அதன் பெயரிலும் இந்தச் சொல் பெருமையோடு இருக்கிறது.

டான்யூப் ஆற்றுக்கு வடக்கே 14ஆம் நூற்றாண்டில் எழுந்த அரசை வெளியார் வலாக்கியா என்றார்கள். துருக்கியர்கள் 'எஃப்லாக்' என்றார்கள். அந்த மக்களோ தங்கள் மொழியில் 'ரோமானிய நாடு' என்றே சொன்னார்கள். ருமேனிய மொழியில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தேதியிட்ட கடிதம் 1521இல் நியாக்ஷு என்ற வணிகர் எழுதியது. துருக்கியப் படை நகர்வு பற்றிய அவசரச் செய்தி அது. அதிலேயே அந்தப் பெயர் இருக்கிறது.

ஆக, வெல்ஷ்காரர்களும் ருமேனியர்களும் ஐரோப்பாவின் இரண்டு கோடிகளில் இருந்துகொண்டு ஒரே பெயரைச் சுமந்தார்கள், ஒருவரை ஒருவர் அறியாமலேயே.

ஹங்கேரியில் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் என்கிறார்களே?

ஒரே மூலம், இரண்டு சொல். 'ஒலஸ்' என்றால் இத்தாலியர், 'ஒலாஹ்' என்றால் ருமேனியர். முதலாவது ஸ்லாவியப் பன்மையிலிருந்தும் இரண்டாவது ஒருமையிலிருந்தும் வந்தன. முன்னால் ஏன் ஒரு 'ஒ'? பழைய ஹங்கேரிய மொழிக்குச் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வருவது பிடிக்காது. உயிரெழுத்து ஒன்றை நுழைத்துவிடும். நம் தாத்தா பாட்டி 'இஸ்கூல்' என்றார்களே, அதே குணம். பள்ளிக்கூடத்துக்கு ஹங்கேரியச் சொல் என்ன தெரியுமா? 'இஸ்கோலா'.

பிரெஞ்சு மொழியில் இது இல்லையா?

இருக்கிறது, வேஷம் மாறி. ஜெர்மானியச் சொல்லின் 'வ' பிரெஞ்சுக்குப் போனால் 'க' ஆகும். நாம் கடையில் கேட்கும் வாரண்டி, கேரண்டி இரண்டும் இப்படிப் பிரிந்த ஒரே சொல்தான். வில்லியம் அங்கே 'கியோம்'. வேல்ஸ் 'கால்' ஆனது.

இதைவிட வியப்பானது பண்டைய பிரான்சின் பெயர். அதற்குப் பிரெஞ்சில் 'கோல்'. லத்தீனின் 'காலியா'விலிருந்து வந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் லத்தீன் 'கா' பிரெஞ்சில் இப்படி நிலைக்காது, வேறு ஒலியாகத் திரிந்திருக்க வேண்டும். 'கோல்' வந்தது வல்ஹ் வழியாக, ஜெர்மானியர் வாயிலிருந்து. தங்கள் முன்னோர் நாட்டுக்கு அண்டை வீட்டார் வைத்த பெயரையே பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கிறார்கள்.

பெல்ஜியத்தின் வலோனியாவும் இதே சொல்தான். டச்சு பேசுவோரும் பிரெஞ்சு பேசுவோரும் சந்திக்கும் எல்லையில், இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்தாருக்கு வைத்த பெயர்.

ஆட்பெயர்களில்?

ஸ்காட்லாந்தின் விடுதலை வீரர் வில்லியம் வாலஸின் குடும்பப் பெயருக்கு 'வெல்ஷ்காரர்' என்று பொருள். அயர்லாந்தில் பரவலாக உள்ள 'வால்ஷ்' அதேதான். ஹங்கேரியில் 'ஒலாஹ்', போலந்தில் 'வ்வோஹ்'.

'வல்' என்று தொடங்கும் எல்லாமே இதுதானா?

இல்லை. வட ஐரோப்பியப் புராணத்தில் வீரர்கள் போய்ச்சேரும் மண்டபமான வல்ஹல்லாவில் உள்ள 'வல்' போரில் மடிந்தவரைக் குறிப்பது. சுவிட்சர்லாந்தின் வாலிஸ் மாநிலம் பள்ளத்தாக்கு என்ற லத்தீன் சொல். சுவருக்கான 'வால்' அரண் என்ற லத்தீன் சொல். ஒலி ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பிச் சொற்பிறப்பு சொல்வது பெரிய ஆபத்து. தமிழிலும் அந்தப் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது.

இன்று இந்தச் சொற்களைத் தயங்காமல் சொல்லலாமா?

இடத்தைப் பொறுத்தது. வெல்ஷ், வலோன் இரண்டும் அந்த மக்களே ஏற்றுக்கொண்ட பெயர்கள். போலந்தில் இத்தாலியரை 'வ்வோஹ்' என்றால் யாரும் வருந்தமாட்டார்கள், அதுதான் சாதாரணச் சொல். ஆனால் ஹங்கேரியில் ருமேனியரை 'ஒலாஹ்' என்பது இன்று வசவு, 'ரோமான்' என்று சொல்ல வேண்டும். ஸ்லோவேனியாவில் இத்தாலியரை 'லாஹ்' என்பதும் அப்படித்தான். கிரேக்கத்தில் 'வ்லாஹோஸ்' என்பதை வ்லாஹ் சமூகத்தார் தங்கள் பெயராகவே சொல்லிக்கொள்வார்கள். நகரத்து ஆள் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து அதே சொல்லைச் சொன்னால், பட்டிக்காட்டான் என்று திட்டுகிறார்.